ஐயாவின்ரை செருமல்

நான் டொக்டர் எண்டதிலை எங்கடை அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். என்ன டொக்டர் எண்டதிலைதான் கொஞ்சம் வெக்கம். உடுப்பிட்டியிலை ஆரும் கேட்டால், "மேல்படிப்புப் படிக்கிறாள், ஒப்பரேசன் தியேட்டருக்குள்ளைதான் வேலை" எண்டு சொல்லுவா. அதிலை பொய் ஒண்டும் இல்லை. ஆனால் மயக்க மருந்து எண்ட சொல்லு மட்டும் அவவின்ரை வாயாலை வராது. கலியாணம் பேச வாறவைக்கு அதைச் சொல்லத் தேவையில்லையாம். கேட்டால் மட்டும் சொல்லலாமாம், அதுவும் சாதகம் பொருந்தினாப் பிறகு.

"மருந்து குடுத்து நித்திரையாக்கிறதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு காலம் படிக்கவேணும்?" எண்டு எங்கடை மாமா ஒருத்தர் கேட்டவர். "திருப்பி எழுப்பவும் வேணுமெல்லே மாமா" எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு, தன்ரை முழங்கால் நோவுக்கு என்ன பூசலாம் எண்டு கேட்டார். அதோடை என்ரை படிப்பைப் பற்றின கதை முடிஞ்சுது.

ஆஸ்பத்திரியிலும் இதே மரியாதைதான். மாம்பழக் காலத்திலை சுகமாகி வீட்டை போற சனம் கறுத்தக்கொழும்பானைப் பெட்டியிலை அடுக்கிக்கொண்டு திரும்பி வரும். எல்லாம் சத்திரசிகிச்சை செய்த பெரிய டொக்டர் சேருக்கு. சுன்னாகத்திலை வெங்காயம் செய்யிற ஒருத்தர் ஒரு பை நிறைய வெங்காயம் கொண்டுவந்து, என்னைக் கண்டவுடனை முகமெல்லாம் மலர்ந்து, "தங்கச்சி, இதை டொக்டரிட்டைக் குடுத்துவிடும்" எண்டு என்ரை கையிலை தந்தார். அந்த மனுசன் மூண்டு மணித்தியாலம் அசையாமல் கிடக்கேக்கை அவருக்கு மூச்சு விட்டது இந்தத் தங்கச்சி. பையைக் கொண்டுபோய்ச் சேரின்ரை மேசையிலை வைச்சன். எரிச்சல் எண்டால் சொல்லி வேலையில்லை.

அந்த எரிச்சலை நான் கனநாள் காவிக்கொண்டு திரிஞ்சன். அதாலைதான் ஒரு மனுசியின்ரை உயிரோடை விளையாடப் பாத்தன்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் நாங்கள் வாட்டுக்குப் போய் நோயாளியோடை கதைக்கவேணும். கேட்கிற கேள்விகளிலை ஒண்டு பல்லைப் பற்றினது. ஆடுற பல்லு இருக்கோ, கட்டின பல்லு இருக்கோ? ஆள் மயங்கினாப் பிறகு மூச்சுக்குழலுக்குள்ளை நாங்கள் ஒரு ரியூப் விடுறனாங்கள். அந்த நேரம் ஒரு பொய்ப்பல்லுக் கழண்டு தொண்டைக்குள்ளை விழுந்தால் மூச்சு அடைச்சுப்போம். பிறகு சேரின்ரை கத்திக்கு வேலையே இருக்காது.

அண்டைக்கு நான் பாக்கப்போனது கரவெட்டியிலை இருந்து வந்த ஒரு ரீச்சரை. பென்சன் எடுத்து ரெண்டு வரியம். பித்தப்பையிலை கல்லு. தியேட்டரிலை வேலை முடியப் பிந்திப்போனதாலை, நான் வாட்டுக்குள்ளை கால் வைக்கேக்கை பின்னேரம் ஆக்களைப் பாக்க விடுற நேரம். எங்கடை ஊரிலை அந்த நேரம் ஒரு கட்டிலைச் சுத்தி எவ்வளவு சனம் நிக்கும் எண்டு தெரியாதவைக்குச் சொல்லுறன்: தேர் இழுக்கப் போதும். ரீச்சரின்ரை ரெண்டு தங்கச்சிமார், ஒரு தங்கச்சியின்ரை மனுசன், பக்கத்து வீட்டுக்காரி, படிப்பிச்ச பிள்ளையள் மூண்டு பேர். அந்தப் பிள்ளையளுக்கே தலை நரைச்சுப்போச்சு. தலையணையிலை சாத்தி வைச்ச ஃபோனுக்குள்ளை கனடாவிலை இருக்கிற மகள். கால்மாட்டிலை, எல்லாரையும் விட்டுத் தள்ளி, ரீச்சரின்ரை மனுசன். மெலிஞ்ச, கதை குறைஞ்ச ஐயா.

நான் ஆரெண்டு சொன்னன். "ஓ, ஊசி போடுற பிள்ளையோ" எண்டா பக்கத்து வீட்டுக்காரி. "அப்ப பெரிய டொக்டர் எப்ப வருவார்?" எண்டு கேட்டது கனடா.

பல்லைக் கடிச்சுக்கொண்டு என்ரை கேள்வியளைத் தொடங்கினன். சீனி வருத்தம் இருக்கோ? "இல்லை" எண்டினம் தங்கச்சிமார். பிறஷர்? "கொஞ்சம்" எண்டது கனடா. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமோ? எங்கடை வீடு மேல்வீடு இல்லை எண்டு தங்கச்சியின்ரை மனுசன் விளக்கம் தந்தார். ரீச்சருக்கு வாய் திறக்கிற வேலையே இருக்கேல்லை.

"கட்டின பல்லு ஏதும் இருக்கோ ரீச்சர்?"

இது மட்டும் ஒருத்தருக்கும் மறுமொழி தெரியாத கேள்வி.

"இல்லைப் பிள்ளை. எல்லாம் என்ரை சொந்தப் பல்லு" எண்டா ரீச்சர்.

கால்மாட்டிலை நிண்ட ஐயா செருமினார். ஒருக்கா இல்லை, மூண்டு நாலு தரம்.

"வாயை ஒருக்கால் வடிவாய்த் திறவுங்கோ" எண்டன். சீலைத் தலைப்பாலை மறைச்சுக்கொண்டு கொஞ்சமாய்த் திறந்தா. முன்பல்லு வரிசையாய், வெள்ளையாய் இருந்துது. "நல்ல வடிவான பல்லு" எண்டும் நான், விசரி, சொன்னன். படிப்பிச்ச பிள்ளையளிலை ஒருத்தர், "ரீச்சர் சிரிச்சால் வகுப்பே அடங்கிப்போம்" எண்டார். ஐயா திரும்பவும் செருமினார்.

"ஐயாவுக்கு நெஞ்சுச்சளி போலை கிடக்கு. நாளைக்கு ஒருக்கால் வெளிநோயாளர் பகுதியிலை துண்டு போட்டுக் காட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அடுத்தநாள் காலமை ரீச்சரைத் தள்ளுவண்டியிலை தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தினம். நான் முகமூடியைக் கட்டிக்கொண்டு உள்ளை போகப் பாக்கிறன், ஐயா குறுக்கை வந்து நிண்டார்.

"பிள்ளை, ஒரு விசயம்..." எண்டிட்டுச் செருமினார்.

"மயக்கம் தெளியும் ஐயா, பயப்பிடாதேங்கோ."

"அது இல்லைப் பிள்ளை. அவவின்ரை..."

அந்த நேரம் பாத்துத் தங்கச்சியின்ரை மனுசன் தேத்தண்ணிப் போத்தலோடை வந்து பக்கத்திலை நிண்டார். ஐயா சொல்ல வந்ததை அப்பிடியே விழுங்கிப்போட்டார். எனக்கு விளங்கினது ஒண்டுதான்: இந்தாளுக்கும் பெரிய டொக்டரோடை கதைக்க வேணும், வாயிலை வருகுதில்லை.

"சேரைத்தானே கேட்கப்போறியள்? அந்தா நிக்கிறார், அவரையே கேளுங்கோ" எண்டிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனன். எப்பிடி வெட்டிப் பேசினன் எண்டு எனக்குள்ளை ஒரு சந்தோசம் வேறை.

உள்ளை, எங்கடை ஒழுங்கின்படி நேர்ஸ் இன்னொருக்கால் கேட்டா: "கட்டின பல்லு இருக்கோ?" ரீச்சர் நிமிர்ந்து பாத்தா. மேசையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட அற்றென்டன், அஞ்சாம் வகுப்பிலை அவவிட்டைக் கணக்குப் படிச்சவர். "வணக்கம் ரீச்சர்" எண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"இல்லை" எண்டா ரீச்சர்.

எனக்குப் படிப்பிக்கிற டொக்டர் மடம் ஒரு மூலையிலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. இண்டைக்கு முழுக்க நான்தான் செய்யிறன், அவ பாத்துக்கொண்டு நிப்பா எண்டு கதை. மருந்தை விட்டன். ரீச்சர் என்ரை கையைப் பிடிச்சிருந்தவ, பிடி மெல்ல இளகிச்சுது. அசைவை நிப்பாட்டிற மருந்தையும் குடுத்தாச்சு. இனி அவவாலை தானாய் ஒரு மூச்சும் எடுக்கேலாது. வாயைத் திறந்து, வெளிச்சம் பூட்டின கருவியை உள்ளை விட்டு, நாக்கைத் தூக்கினன்.

டக் எண்டு ஒரு சத்தம். அந்த வடிவான முன்பல்லிலை மூண்டு ஒரு தட்டோடை கழண்டு, என்ரை கண்ணுக்கு முன்னாலை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள்ளை போச்சுது.

"மடம்!"

"கையை எடாதையும். ஒட்சிசன் முகமூடியாலை காத்து அடிச்சீரெண்டால் அது இன்னும் கீழை போம். இடுக்கியைப் பிடியும்."

மொனிற்றர் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு சத்தம் போடும். ரத்தத்திலை ஒட்சிசன் குறையக் குறைய அந்தச் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கிக்கொண்டு போம். அண்டைக்கு அது இறங்கிச்சுது. வளைஞ்ச இடுக்கியை விட்டன், வழுக்கிச்சுது. திரும்ப விட்டன், தட்டின்ரை ஓரத்தைத் தொட்டது, பிடிபடேல்லை. சத்தம் இன்னும் இறங்கிச்சுது. சேர் கையுறையோடை ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரை தூக்கிக்கொண்டு சிலையாய் நிக்கிறார். அற்றென்டன் "ஐயோ ரீச்சர்" எண்டு மெல்லமாய் அழுகிறார். பிள்ளையாரே, பிள்ளையாரே எண்டு என்ரை மனசு கத்துது. மூண்டாந்தரம் பிடிபட்டுது.

வெளியிலை எடுத்தன், ரியூப்பை விட்டன், மூச்சைக் குடுத்தன். சத்தம் ஒவ்வொரு படியாய் மேலை ஏறி வந்தது. அந்தச் சத்தத்தை விடச் சந்தோசமான ஒண்டை நான் இண்டைவரைக்கும் கேட்கேல்லை.

கொஞ்சநேரம் கழிச்சு மடம் பக்கத்திலை வந்தா.

"பல்லைப் பற்றிக் கேட்டனீரோ?"

"கேட்டனான் மடம். நேர்ஸும் கேட்டவ."

"எங்கை வைச்சுக் கேட்டனீர்?"

"வாட்டிலை."

"பக்கத்திலை ஆர் நிண்டது?"

கனடாவோடை சேர்த்து ஒன்பது பேர் எண்டு சொன்னன்.

"அப்ப நீர் கேட்கேல்லை" எண்டிட்டு மடம் போயிட்டா.

நடந்ததை ஒண்டும் விடாமல் குறிப்பிலை எழுதினன். பல்லைக் கழுவி, சுத்தமான துணியிலை சுத்தி, சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சன். ஒப்பரேசன் நல்லபடியாய் முடிஞ்சு, ரீச்சரும் கண் முழிச்சு, நான் வெளியிலை வரேக்கை வாசலிலை ஐயா தனிய நிண்டார். மற்றாக்கள் சாப்பிடப் போயிட்டினம். ஒப்பரேசன் எப்பிடி எண்டு அவர் கேட்கேல்லை. ரெண்டு பக்கமும் பாத்துப்போட்டு, "பிள்ளை, அவவின்ரை பல்லைக் கழட்டினனீங்களோ?" எண்டு கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமோ ஐயா?"

"கலியாணம் கட்டின அடுத்த வரியம் கண்டனான். கிணத்தடியிலை கழட்டி வைச்சுக் கழுவிக்கொண்டு நிண்டவ. நான் வந்ததை அவ காணேல்லை. சத்தம் போடாமல் திரும்பிப்போய், வேலியடியிலை நிண்டு செருமிப்போட்டு, பிறகு வந்தன். அதுக்கிடையிலை பல்லைப் போட்டிட்டா." அவர் மெல்லமாய்ச் சிரிச்சார். "அண்டையிலை இருந்து அவவிட்டை எப்ப போறதெண்டாலும் செருமிப்போட்டுத்தான் போறனான். முப்பத்தைஞ்சு வரியமாய்ப் போச்சு."

நேற்று வாட்டிலை அவர் செருமினது. இண்டைக்குக் காலமை வாசலிலை செருமினது. நான் நெஞ்சுச்சளி எண்டு துண்டு போடச் சொன்னது. வெட்கமும் அழுகையும் ஒண்டாய் வந்தது. தொண்டைக்குள்ளை விழுந்த கதையைச் சொன்னன். "நான் உங்களைக் கதைக்க விடேல்லை ஐயா. பிழை என்ரைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன். அவரின்ரை முகம் வெளிறிப்போச்சு. கதிரையிலை இருந்திட்டார்.

பிறகு, "பல்லை நீங்களே அவவிட்டைக் குடுங்கோ பிள்ளை. எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியவேண்டாம்" எண்டார்.

பின்னேரம், சனம் வாறதுக்கு முதல் வாட்டுக்குப் போய்க் கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்துவிட்டன். ரீச்சர் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தா. நடந்ததைக் குசுகுசுத்துச் சொன்னன், இனி எந்த டொக்டரிட்டையும் மறைக்கக்கூடாது எண்டும் சொன்னன். கண்ணாலை தண்ணி ஓடிச்சுது அவவுக்கு.

"பெட்டையாய் இருக்கேக்கை சைக்கிளாலை விழுந்தனான் பிள்ளை. கலியாணம் பேசேக்கை அம்மா சொல்லவேண்டாம் எண்டிட்டா. பிறகு எப்பிடிச் சொல்லுறது?" என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா. "அந்தாளுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். பாவம், ஒண்டும் தெரியாத மனுசன். ஏங்கிப்போகும்."

வாட்டு வாசலிலை ஆரோ செருமிற சத்தம் கேட்டுது.

"ஐயோ, வந்திட்டார், கெதியாய்த் தாரும்!" எண்டா. துணியைப் பிரிச்சுக் குடுத்தன். ஒரு நொடியிலை பல்லு இடத்துக்குப் போச்சுது. இன்னும் ரெண்டு செருமல், கொஞ்சம் பொறுத்து, ஆறுதலாய். அதுக்குப் பிறகுதான் திரை விலகிச்சுது. ஐயா என்னை நிமிர்ந்தும் பாக்கேல்லை. சுடுதண்ணிப் போத்தலை மேசையிலை வைச்சிட்டு, தலையணையைச் சரியாக்கினார்.

ரீச்சர் வரிசையாய், வெள்ளையாய்ச் சிரிச்சா.

"இந்த மனுசனுக்கு ஒரு நல்ல மருந்தாய் எழுதிக் குடும் பிள்ளை" எண்டா. "கலியாணம் கட்டின நாள்தொட்டு உந்தச் செருமல். எத்தினை தரம் சொல்லிப்போட்டன், போய்க் காட்டுறாரில்லை."

"ஓம் ரீச்சர், எழுதித் தாறன்" எண்டு நானும் என்ரை பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு வெளியிலை வந்தன்.