தட்டினால் விட்டுவிட வேண்டும்

நான் இருக்கும் ஊரில் கழுத்தை நெரிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்கிறார்கள். அயர்லாந்தில் லிமரிக் என்று ஒரு நகரம். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் டியூட்டி முடிந்ததும், ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் மாடியில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்ளப் போகிறேன். நம்மூர் மல்யுத்தம் மாதிரிதான். அடி, குத்து கிடையாது; தரையில் உருண்டு புரண்டு எதிராளியை மடக்க வேண்டும். எனக்கு ஜோடி ஃபியோனா என்கிற பள்ளிக்கூட டீச்சர். கழுத்தில் கை வைக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். தாங்க முடியாவிட்டால் அவள்மேல் எங்கேயாவது இரண்டு தட்டு தட்டினால் போதும், அந்த நொடியே விட்டுவிடுவாள். விட்டபிறகு நன்றி வேறு சொல்வாள். முதல் வாரம் எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பு நின்றது 'ட்ரையாங்கிள்' கற்றுக்கொடுத்த அன்றைக்கு. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, மேலே இருப்பவளின் தலையையும் ஒரு கையையும் சேர்த்து நம் இரண்டு கால்களுக்கு நடுவில் பூட்டுகிற பிடி அது. ஒரு பக்கம் நம் தொடை, இன்னொரு பக்கம் அவளுடைய தோளே அவள் கழுத்தை அழுத்தும். மூளைக்குப் போகிற ரத்தம் குறையும். சில விநாடிகள்தான், ஆள் காலி. நர்ஸுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் காலைத் தூக்கிப் போட்டபோது குதிகால் ஃபியோனாவின் கன்னத்தில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், என் கை தானாகப் போய் அவள் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவள் பதறிப்போய் விலகி, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். நான் தட்டியதாக நினைத்துவிட்டாள், பாவம்.

வலிக்கவில்லை, உன்மேல் கால் பட்டுவிட்டது, அதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்றேன். கால் அங்கேதானே இருக்க வேண்டும் என்றாள் அவள். அது சரி, ஆனாலும் கால் பட்டுவிட்டதே என்றேன் நான். பேச்சு அதற்குமேல் நகரவில்லை. நம்மூரில் இதை விளக்க வேண்டுமா? திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் யார்மேலாவது கால் பட்டாலும் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறவர்கள்தானே நாம். அடுத்த வாரமும் அதேதான், அதற்கடுத்த வாரமும். ஜெயிக்கப்போகிற நேரமாகப் பார்த்து என் கை போய்த் தொட்டுக் கும்பிடும், ஃபியோனா விலகிவிடுவாள். பயிற்சியாளர் லூசியானா பிரேசில்காரி, பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. "நீ ஜெயிக்கிறப்பல்லாம் ஏன் தோக்கிறே?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் வீட்டுக் கூடம். லிமரிக் வேலைக்கு உத்தரவு வந்த காகிதத்தை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் செந்தில் உள்ளே வந்தான். "நான் வேண்டாங்கிறேன், நீ பாட்டுக்கு டிக்கெட் போடுவியா?" என்று கேட்டான். போடுவேன் என்றேன். என் கழுத்தைப் பிடித்து பீரோவோடு சேர்த்து அழுத்தினான். நான் அவன் கையைத் தட்டினேன். இரண்டு தடவை இல்லை, எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது என் கால் எகிறி அவன் வயிற்றில் பட்டது. அதற்குப்பிறகுதான் விட்டான். நான் இருமி இருமிக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், அம்மா ஓடி வந்து சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அய்யய்யோ, அண்ணன காலால உதைச்சுட்டியேடி! தொட்டுக் கும்பிட்டுக்க."

கும்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. கழுத்தில் அவன் விரல் பதிந்த தடத்தோடு, அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்பா அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்பார்கள். அந்த முட்டாள் நான்தான், போதுமா?

லூசியானா ஒரு வழி சொன்னாள். கையைச் சும்மா விடாதே, ஒரு கையால் உன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடி, இன்னொரு கையால் அவள் தலையைக் கீழே இழு என்றாள். அப்படியே செய்தேன். பூட்டு விழுந்தது. ஃபியோனாவின் முகம் சிவந்தது. என் தொடையில் இரண்டு தட்டு. என் கால்கள் உடனே திறந்துகொண்டன. அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே, பிரமாதம், இன்னொரு தடவை செய் என்றாள். நான் ஓவென்று அழுதேன். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். அட போங்கப்பா! விடுவது இவ்வளவு சுலபமா? யோசிக்கவே வேண்டியதில்லையா? அப்படியானால் அவன் தெரியாமல் செய்யவில்லை, கோபத்தில் கண்மண் தெரியாமலும் செய்யவில்லை. தட்டியது தெரிந்துதான் பிடித்துக்கொண்டிருந்தான். ஊரில் இதைப் படிக்கிற அண்ணன்மார்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அந்த மாதமே அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், எல்லா ஏற்பாடும் செந்தில்தான் செய்கிறான். அவன் பேச்சை மீறிக் கிளம்பியதிலிருந்து ஆறு வருஷமாக நான் வீட்டுப் படி ஏறவில்லை, அவன் ஏற விடவில்லை.

"வந்து ஒரு வார்த்தை மன்னிச்சிக்கண்ணான்னு சொல்லிடு. அவனும் எறங்கி வந்துடுவான். ஒரு வார்த்தைதானடி?"

"எதுக்கும்மா நான் மன்னிப்புக் கேக்கணும்?"

"பழசையெல்லாம் கிளறாத. அப்பாவுக்காக வா."

அப்பாவுக்காகப் போனேன். வாசலுக்குப் போய்விட்ட அப்பாதான், ஆனாலும் அப்பா. கல்யாண மண்டப வாசலிலேயே செந்தில் நின்றிருந்தான். பட்டு வேட்டி, தலையில் கொஞ்சம் நரை.

"மொதல்ல சொல்ல வேண்டியதச் சொல்லு, அப்புறம் உள்ள போ."

"கழுத்தப் பிடிச்சது நீ. சொல்ல வேண்டியது நீ."

"நாலு பேரு பாக்குறாங்கடி," என்று அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக, "நான் அன்னைக்கு உன் கையத் தட்டுனேன், நீ விடல," என்றேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்ப குடும்பத்தோட நிக்காத," என்றான்.

சரி என்று போய், தெருக்காரர்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். மேடையில் அப்பாவும் அம்மாவும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் முதலில் அவர்கள் தலையில் கலசத் தண்ணீரை ஊற்றினான், அவன் மனைவி, சித்தப்பா, அத்தை, பிறகு எதிர் வீட்டுக்காரர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். பெண் வந்திருக்கிறாள், அவள் முதலில் ஊற்றட்டும் என்று ஒரு நாக்கும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது ஐயர் சொம்பைக் கொடுத்து, "நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார். "பொண்ணு," என்றேன். அவர் என்னையும் நான் வந்த தெருக்காரர்கள் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

தலைக்கு மேலே பிடித்திருந்த சல்லடை வழியாகத் தண்ணீர் இறங்கியது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டிருக்கும்போல. கண்ணைத் திறக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"வந்துட்டியாம்மா? அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா," என்றேன். சொம்பில் மீதி இருந்ததையும் அவர் தலையில் ஊற்றிவிட்டு, குடும்பம் நின்ற பக்கமா, தெருக்காரர்கள் பக்கமா, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் ஈரக் காலோடு மேடையிலேயே நின்றேன்.