இடப்பக்கம் இழுத்த கார்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மல்லேஸ்வரம் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று நடந்தது. சொத்துக்காக இல்லை, என் கல்யாணத்துக்காகவும் இல்லை. காரின் பிரேக்குக்காக.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த கார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா ஆசைப்பட்டு வாங்கினார். எனக்கு அதை ஓட்டப் பிடிக்கும், அவருக்குத் துடைக்கப் பிடிக்கும். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்வி நிறுத்துகிற காலிப்பர்தான் எங்களைப் பிடித்த சனி. அதற்குள் இருந்து தள்ளிக் கவ்வ வைக்கும் பிஸ்டனில் குரோம் பூச்சு உரிந்து துரு ஏறியிருந்தது. வலது சக்கரத்தில் பிஸ்டன் இறுகி அசையாமல் நின்றுவிடும். இடது சக்கரம் மட்டும் பிடிக்கும். பிரேக்கை மிதித்தால் வண்டி நடைபாதையை நோக்கி இழுக்கும்.

அடுகோடிப் பகுதியில் இருந்த எங்கள் மெக்கானிக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டிக் கொடுப்பார். கொஞ்ச நாள் ஒழுங்காக நிற்கும். மழைக்காலம் வந்து போனால் பழைய குருடி கதவைத் திறடி.

“மேடம், இது தேய்ச்சு சரியாவுற கேஸ் இல்ல. இங்க ஓடுற புது வண்டியோட காலிப்பர் போட்டுடலாம். உக்கார வைக்க ஒரு பிராக்கெட் செய்யணும், அஷ்டே, அவ்ளோதான்,” என்றார் ஒருமுறை.

அப்பா கேட்கவே இல்லை. “ஒரிஜினலை எடுத்துட்டா அப்புறம் அது அந்த வண்டியே இல்லம்மா.”

“பிரேக் பிடிக்கலேன்னா நாமளே இருக்க மாட்டோம்ப்பா.”

பழைய பிஸ்டனுக்கே மறுபடி குரோம் பூச அப்பா கொடுத்தார். பூச்சு தடித்துப்போய்ப் பிஸ்டன் உள்ளே நுழையவில்லை. லண்டனிலிருந்து வரவிருந்த உறவினரிடம் பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரப்பர் சீல் வாங்கி வரச் சொன்னார். அவர் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்தது வேறு மாடலுக்கானது. என் சனிக்கிழமைகள் எல்லாம் அடுகோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழிந்தன. கூட வேலை பார்த்தவர்கள் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்சீட்டில். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் கையை மீறித் திரும்பியது. சக்கரம் நடைபாதையில் ஏறிப் பூக்கூடை ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. பூக்காரம்மா காலை இழுத்துக்கொண்டதால் தப்பினார்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று கேட்டார்.

அம்மா இறங்கிப் போய் அவரோடு உட்கார்ந்து சிதறிய மல்லிகையைப் பொறுக்கினார். நசுங்கியதை எல்லாம் தானே வாங்கிக்கொண்டார். பிறகு ஜன்னல் அருகே வந்து, “நான் நடந்தே வரேன். நீங்க ரெண்டு பேரும் உங்க ஒரிஜினலோட வாங்க,” என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, “மாத்திடச் சொல்லு,” என்றார்.

மாற்றுவதும் லேசாக முடியவில்லை. புதுக் காலிப்பரை மாட்டினால் பழைய சக்கரம் அதில் இடித்தது. பெரிய சக்கரம் தேடிப் பிடித்தோம். புதுக் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதைத் தள்ள அதிக பிரேக் ஆயில் வேண்டும். அதனால் பெடல் தரைவரை போனது. ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. “பிராக்கெட் மட்டும்னு சொன்னீங்களே,” என்று மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தேன். “பிரிச்சாத்தானே தெரியுது மேடம்,” என்றார்.

கடைசியில் ஒரு மத்தியானம், ஆளில்லாத தெருவில் வேகம் பிடித்து முழுக்க மிதித்தேன். கார் கோடு போட்டதுபோல நேராக நின்றது. சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது.

அந்த வருடம் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு அப்பா அதை எடுத்துப் போனார். அங்கே வண்டிகளைப் பார்வையிட்டவர் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மாற்றியமைத்த வண்டிகளின் வரிசையில் போய் நிற்கச் சொன்னாராம். அப்பா நிற்காமல் திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றும்போது கேட்டார்: “ஊர்வலத்துக்கு மட்டும் பழசை மாட்டிக்கலாமா?”

நான் சாப்பாட்டை விட்டு எழுந்து போனேன்.

தினம் ஓடுகிற வண்டியில் பழசை மாட்ட முடியாதே என்று, திங்கட்கிழமை முதல் அந்தக் காரை ஆபீசுக்கு எடுத்துப் போகத் தொடங்கினேன். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. மழை நாட்களில் மட்டும் கேட்டருகே வந்து, “தெருமுனை வரைக்கும் மெதுவாப் போய் ஒருதரம் மிதிச்சுப் பாத்துக்கோ,” என்பார். மிதித்துப் பார்ப்பேன். நிற்கும். இருந்தாலும் கேட்டிலேயே நின்று, நான் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.