ஈ பிடிக்கும் உத்தியோகம்

வேலையில்லாதவனை ஈ ஓட்டுகிறான் என்பார்கள். எனக்கு ஈ பிடிப்பதுதான் வேலை. அறுபதுகளின் கடைசியில், செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புள்ளியியல் உதவியாளன். டெம்பரரி. ஆறு மாதத்துக்கொரு தரம் நீட்டிப்பு ஆர்டருக்காகத் தவம் கிடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். பெர்மனென்ட் ஆகாதவனுக்குப் பெண் கிடையாது என்று மாட்டுங்காவில் பல வீடுகளில் காபி கொடுத்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுத்தமான கடை

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்குமே கடுகளவு ஈ, அதுதான் எங்களுக்கு வேண்டியது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கூட்டம், தாராவியில் ஒரு கூட்டம் என்று பழக்கடைகளில் பிடித்து பாட்டிலில் அடைத்து வருவேன். தாராவியில் ஞானமுத்து என்ற திருநெல்வேலிக்காரர் கடையில் ஈ அமோகம். முதல் நாள் என் வலையைப் பார்த்து மிரண்டவரிடம், "அடுத்த வாரமும் வருவேன், ஈ எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை முனிசிபாலிட்டி ஆள் என்று முடிவுகட்டிவிட்டார்.

மறுவாரம் வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றால் கடை முழுக்க ஃபினைல் வாடை. பழமெல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. ஞானமுத்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நீங்க வருவீயன்னுதான் சார், ஒரு ஈ இல்லாம அடிச்சி வெரட்டிட்டம்லா!"

அப்பா கோடு, அம்மா கோடு

பிடித்த ஈயை ஒவ்வொன்றாக நசுக்கி, சாற்றைக் காகிதத் துணுக்கில் ஏற்றி, வடாம் கூழ் மாதிரி இருக்கும் ஸ்டார்ச் பாளத்தில் செருகி மின்சாரம் விடுவோம். பிறகு சாயம் ஊற்றினால் புரதம் நின்ற இடத்தில் கோடு தெரியும். ஒரே புரதந்தான், ஆனால் ஈக்கு ஈ கொஞ்சம் வித்தியாசம். கோடு முன்னே பின்னே நிற்கும். சில ஈக்களில் இரண்டு கோடு வரும், அப்பன் கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று.

இதைச் செய்வது ஆலிஸ், லேப் அசிஸ்டென்ட், தாராவியிலிருந்து நடந்தும் பஸ்ஸிலுமாக வருவாள். ஒருநாள் பாதியில் கரண்ட் போய், பாளமெல்லாம் பாழாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். கடைசியில் இரட்டைக் கோடு தெரிந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஆலிஸ் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுலயும் இப்பிடி ஒரு சாயம் ஊத்திப் பாத்தா தேவல சார், என் கோவம் யாரு குடுத்ததுன்னு தெனமும் சண்டை."

கைப்பிடி மெஷின்

ஒரே இன ஈக்களில் இத்தனை விதம் ஏன் என்பதுதான் கேள்வி. எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான பாலக்காட்டு டாக்டர் அதற்கு ஒரு கணித மாடல் வைத்திருந்தார். புரதத்தில் புதிதாக வரும் மாற்றங்களில் மிகப்பல ஈக்கு நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் பரவும், இல்லாவிட்டால் மறையும். அநேகமாக மறையும். எங்கோ ஒன்று கூட்டம் முழுக்கப் பரவி நிலைத்துவிட்டால் அதை 'ஃபிக்ஸ்' ஆயிற்று என்போம். கூட்டம் பெரிதாக இருந்தால் ஃபிக்ஸ் ஆக யுகம் பிடிக்கும்.

இந்தக் கணக்கை, கூட்டத்தின் அளவை மாற்றி மாற்றி, கைப்பிடி சுற்றிப் பெருக்கி வகுக்கும் கணக்கு மெஷினில் போடுகிறவன் நான். ராத்திரி கனவில்கூடச் சுற்றுவேன். ஒருநாள் தோள்வலி தாங்காமல், என் போஸ்ட் எப்போதுதான் நிலைக்கும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உம்ம போஸ்ட் நியூட்ரல் ஓய்! இருந்தா யாருக்கும் லாபமில்லே, போனா யாருக்கும் நஷ்டமில்லே."

கல்யாணில் கல்யாணப் பேச்சு

அந்த வார்த்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. அதோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண் லோக்கலில் ஏறிப் பெண் பார்க்கப் போனேன். பெண் விசாலம், ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட். பார்த்தவுடனே பிடித்துவிட்டது, இதுவும் தட்டிப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவள் அப்பா ரயில்வே க்ளார்க். என்ன உத்தியோகம் என்று கேட்டார். பதற்றத்தில் ஈ, கோடு, மாடல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, ஃபிக்ஸ் ஆக எத்தனை நாளாகும்?" என்றார்.

அவர் கேட்டது என் போஸ்டை. என் தலைக்குள் இன்னும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "சொல்ல முடியாது மாமா. அநேகமா ஃபிக்ஸ் ஆகாது, காணாமப் போயிடும். தப்பித் தவறி ஆனாலும் லட்சக்கணக்கான தலைமுறை ஆகும்" என்றேன்.

மாமா மேலே சுற்றும் ஃபேனையே பார்த்தார். சொன்னது எனக்கே அப்போதுதான் உறைத்தது. காபி டம்ளரை வைக்க வந்த விசாலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, அவர் ஈயைப் பத்திச் சொல்றார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்: "நான் காத்திண்டிருக்கேன். ஆனா ஒரு தலைமுறைக்கு மேலே முடியாது, கேட்டேளா?"

அந்த போஸ்ட் கடைசிவரை ஃபிக்ஸ் ஆகாமலே காணாமல் போயிற்று, நானும் விசாலமும் ஃபிக்ஸ் ஆனோம், இதனால் ஈக்களுக்கு இன்றுவரை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.