ஆற்றில் என்னைத் தாங்கிய அக்கா

தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைத்து வளர்ந்தவன் நான், அருளப்பன். நீச்சல் தெரியாது. அப்படிப்பட்டவனைத்தான் எழுபத்தொன்றாம் வருட டிசம்பரில், வங்காளதேச விடுதலைப் போரில், ஒரு பெரிய ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த நாட்டில் பார்த்த இடமெல்லாம் தண்ணீர். தண்ணீரிலெல்லாம் பிணம்.

கெலமங்கலத்து முனிராஜ் என் கூடவே இருந்த சிப்பாய். படகில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னாடா அருளு, ஏரி நெரம்புனாவே கரைப் பக்கம் வராத ஆளு நீ. என் பெல்ட்டப் புடிச்சிக்கோ, உட்றாத.”

பிடித்துக்கொண்டேன். நடு ஆற்றில் குண்டு விழுந்து படகு பிளந்தது. பெல்ட் என் கையில் இல்லை. முனிராஜும் இல்லை. இன்றுவரை அவன் உடம்பு கிடைக்கவில்லை.

துப்பாக்கி, முதுகுப் பை எல்லாம் போயிற்று. மூக்கில் தண்ணீர் ஏறியது. ‘மாதாவே, யாரையாவது அனுப்பு தாயே’ என்று மனதுக்குள்ளேயே கதறினேன்.

மார்பில் ஏதோ வந்து முட்டியது. ஒரு பெண்ணின் பிணம். ஐயோ என்று தள்ளிவிட்டேன். சுழல் அவளைத் திரும்பவும் என்னிடமே கொண்டுவந்தது. உடம்பு ஊதியிருந்தது. இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள் பாவிகள். கட்டிய அந்தக் கைகளுக்கு நடுவே என் கையை நுழைத்துக்கொண்டேன். அவள் மூழ்கவில்லை, என்னையும் மூழ்க விடவில்லை.

கரை ஒதுங்கியதும் இடுப்பில் மிஞ்சியிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தேன். அது சதைக்குள் இறங்கியிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ! இந்த ஜனங்களை மீட்கத்தானே எங்களை அனுப்பினார்கள்? இவளுக்கு நாங்கள் நேரத்தில் வந்து சேரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மணலைத் தோண்டிப் புதைத்தேன். என்ன மதமோ தெரியாது, சிலுவை நடக் கை வரவில்லை. பரலோக மந்திரம் மட்டும் சொன்னேன். பிறகு போர் முடிந்து ஜனங்கள் மாலை போட்டபோது கழுத்தை நீட்டவே கூசியது.

அதற்கு முன் நான் பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன். குடிப்பேன். அந்த ஆற்றோடு குடி போயிற்று. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நைட் ஷிப்ட் ஆனாலும் செபமாலை தவறுவதில்லை.

போன கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயர் கேட்டார்கள். முனிராஜ் பெயரைக் கொடுத்துவிட்டு, இன்னொரு ஆத்துமாவும் உண்டு என்றேன்.

“பேர் என்னப்பா?” என்றார் சாமியார்.

“பேர் தெரியாது சாமி. அருளப்பனோட அக்கான்னு படிங்க.”

அப்படியே படித்தார். “உங்களுக்கு ஏதுங்க அக்கா?” என்று என் மனைவி காதோடு கேட்டாள். பூசை முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

மாதாவை நம்பிக் கேளுங்கள், அனுப்புவாள். வானத்திலிருந்து சம்மனசுதான் இறங்கி வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எனக்கு வந்தவளை நானே தள்ளிவிட்டேன், மாதாதான் திருப்பி அனுப்பினாள். இன்று படுக்கப் போகுமுன் என் அக்காவுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். அவளுக்காகச் செபிக்க வேறு யாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.