நிழல் விழும் பக்கம்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மடியில் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பாடசாலை ஆசிரியர் குழுவில் இருக்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அருளப்பு சேர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் நஸீரா டீச்சர். "சேர் மௌத்தாகிட்டாராம் புள்ள." யார் சொன்னது, எப்போது, எங்கே என்று துருவித் துருவிக் கேட்டேன். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்றுதான். அகப்படவில்லை. அப்படித் தேடப் பழக்கியதே சேர்தான்.

மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்ட நாள் நினைவிருக்கிறதா? கதாநாயகனின் தகப்பன் செத்துக் கிடக்கிறார், நாமெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். "பொணத்துக்கு மூச்சு வாங்குது, வயித்தப் பாருங்க" என்றார் சேர்.

"எங்கள நிம்மதியா அழ உட மாட்டீங்களா, சேர்?" என்று அதட்டினார் நஸீரா டீச்சர்.

அடுத்த காட்சியில், மேற்குக் கரைக் கிராமம் ஒன்றில் விடிகிறது. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. சேர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "எங்கட கரையில சூரியன் கடல்ல விழும் மகள், எழும்பாது. விடிஞ்சா நிழல் கடலப் பாத்து விழணும்!"

போன வருடம் ஒரு காலை, 'சற்றுமுன் ஆலங்குடாவில் கவிழ்ந்த படகு' என்று எங்கள் கரையின் பெயர் போட்டுக் கைத்தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. நீலப் படகு. என் கணவரும் நீலப் படகில்தான் விடியுமுன் கடலுக்குப் போயிருந்தார். என் கையிலிருந்து சேர் தொலைபேசியை வாங்கினார்.

"கரையில நிக்கிற ஆக்கள்ட நிழல் தென்னந்தோப்புப் பக்கம் கிடக்கு. இது பின்னேரம் எடுத்தது. நேத்துப் பின்னேரம் அவர் எங்க?"

"வீட்டில, சேர்."

"அப்ப இது அவர்ட போட் இல்ல. பயப்படலாம் மகள். ஆனா பாத்துட்டுப் பயப்படுங்க."

மதியம் கணவர் அழைத்தார். "என்ன, நான் செத்துட்டன் எண்டு அழுதியாம்?" என்று ஒரே கேலி.

சேரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான்: பாத்துட்டுப் பயப்படுங்க. இன்றிரவு அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தியில் இன்னொரு காணொளி வந்தது. அதே கரை, கவிழ்ந்த நீலப் படகு. என் கணவர் கடலில்; தொலைபேசி கிடைக்கவில்லை. கரைக்குப் போன மைத்துனர் இன்னும் திரும்பவில்லை. காணொளியில் ஒரே மழை இருட்டு, பார்க்க ஒரு நிழல்கூட இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிழை தெரியவில்லை.

காணொளியைக் கீழே இணைத்திருக்கிறேன். சேரோடு இருந்து படம் பார்த்தவர்கள் நீங்கள். இதையும் பாருங்கள். ஏதாவது ஒரு பிழை கண்டால், எந்த நேரமானாலும், உடனே பதில் போடுங்கள்.