ஒரு நாள் ஒப்பந்தம்

லைல் பெட்ரில்லா காரேஜ் கதவைத் திறந்துவிட்டுக் கையில் சாவியோடு நின்றிருந்தான். வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி. மார்ச் மாதத்து ஈரக் குளிர். வெளியே கிளம்புகிறானா, போய்விட்டுத் திரும்பியிருக்கிறானா என்பது அவனுக்கே தெரியவில்லை. அவன் மனைவி மார்லா சமையலறை ஜன்னல் வழியாகவே அதைக் கண்டுகொண்டாள். அவன் குனிந்து காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தால் போய்விட்டு வந்திருக்கிறான். குளிர்ந்திருந்தால் இனிமேல்தான் போக வேண்டும். இப்படி ஒரு வழியை அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். வயது நாற்பத்திரண்டு.

மார்லா அவனுடைய கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போட்டுக்க. வெல்டனுக்குப் போகணும்."

"தெரியும்."

"எதுக்குன்னு சொல்லு."

"என்ன, காலங்காத்தாலே பரீட்சை வைக்கிறியா?" என்று சிரித்தான். "கோச்சைப் பாக்க. என்னைச் செவுத்துல மாட்டலாமா வேணாமான்னு பேசப் போறாங்க."

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. இன்றைக்கு நல்ல நாள். நல்ல நாளாக இருப்பது நல்லதா என்று அடுத்த நிமிடமே பயம் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவனுக்கு என்ன நோய் என்று, முடிவு செய்யும் குழுவில் யாராவது கேட்டால்?

லைல் குழாய் ஆலையில் கிரேன் ஓட்டியவரின் மகன். ஆலை மூடியபோது அவனுக்கு ஆறு வயது. பன்னிரண்டு வயதில் தொண்ணூறு கிலோ இருந்தான். கிழக்கு ஒஹாயோவில் அந்த எடையுள்ள பையனை எந்தப் பள்ளிக்கூடமும் சும்மா விடாது. கையில் பந்தோடு மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியில் சென்டராக நிறுத்தினார்கள். வரிசையின் நடுவில் குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி எதிரில் இருப்பவன் தலையோடு தன் தலையை மோத வேண்டும். அதுதான் வேலை. பந்தை வாங்கி எறிகிறவனுக்குப் பெயர், பிடித்து ஓடுகிறவனுக்குப் படம். சென்டருக்குக் கணக்கில் எழுத ஒன்றே ஒன்றுதான் உண்டு: கைதவறிய பந்துகள். தொழில்முறையில் பதினோரு வருடம் ஆடிய லைலுக்கு அது நான்கு. மோதிய மோதல்களை எவரும் எண்ணவில்லை. ஒரு பருவத்துக்கு ஆயிரம் என்று வைத்தாலும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

அவன் பெயரை ஓர் இடத்தில்தான் எழுத முடியும். வெல்டனில், பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கும் பள்ளத்தாக்குக் கால்பந்துப் புகழ்மன்றத்தில். அங்கே ஓடினவன், எறிந்தவன், தடுத்தவன் எல்லோருக்கும் வெண்கலத் தகடு உண்டு. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. லைல் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஐந்து ஆகவில்லை. அதற்குக் காரணம் மார்லா.

ஒன்பது வருடம் சொந்த ஊர்க்காரர்களின் அணியில் ஆடியவனைக் கடைசி இரண்டு வருடம் மேற்கே ஓர் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அணியின் சட்டையிலேயே அவன் ஓய்வு பெற்றது மார்லாவுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்துப் பழைய அணிக்குக் கடிதம் எழுதினாள். இந்த ஆட்டக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்றவனோடு பழைய அணி ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போடும். 'நம்ம ஆளாகவே விடைபெற்றான்' என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களும் கூப்பிட்டார்கள். மேசை போட்டு, கேக் வெட்டி, பழைய எண் போட்ட சட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். லைல் பந்தைத் தொடக்கூட இல்லை, பேனாவைத்தான் தொட்டான். அவன் அம்மா அழுதாள். மார்லா படம் எடுத்தாள்.

கடைசி ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்துதான் ஐந்து ஆண்டு என்று புகழ்மன்றத்தின் விதியில் இருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விதிகளைப் படித்து மனுக்களைத் தள்ளுபடி செய்கிறவள் அவள். அந்த ஒரு விதியைப் படிக்கவில்லை. அந்த ஒரு நாள் அவனுடைய மூன்று வருடங்களைத் தின்றுவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி.

இரண்டு வருடம் அவனுக்கு இருக்கிறதா? மோதி மோதியே மூளை கெடுகிற நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். கடந்த வசந்தத்தில் தெருப் பெயர்கள் நினைவிலிருந்து போயின. கோடையில் கோபம் வந்தது; குளியலறைக் கதவில் அவன் குத்திய ஓட்டை இன்னும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கோபம் போய், பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அவளை நடுங்க வைத்தது. மான் வேட்டைப் பருவம் முடிந்த கையோடு இரண்டு துப்பாக்கிகளையும் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். துரு எடுக்கக் கொடுத்திருப்பதாகப் பொய் சொன்னாள். அவன் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்காததும் பயமாக இருந்தது.

முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி மனுப் போடுவதாக அவள் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாவம்னு மாட்டுவாங்க, மார்லா. போறவன் வர்றவன்லாம் தகடைப் பாத்து, ஐயோ அந்த மூளை கலங்கினவனான்னு கேப்பான்."

"நீ ஆடினது பாவமா? ஆட்டப் படம் எல்லாம் இருக்கு. பாத்துட்டுச் சொல்லட்டும்."

"ரெண்டு வருஷம் கழிச்சும் அதே படந்தானே?"

"படம் அதேதான்" என்றவள் மேற்கொண்டு சொல்லாமல் விட்டாள். அன்றைக்கு அவன் தலையாட்டினான். மூன்று நாளில் தலையாட்டியதை மறந்தான். மறுபடி முதலிலிருந்து கேட்டுச் சம்மதம் வாங்கினாள்.

புகழ்மன்றத்தின் கூட்ட அறைக்குள் போக, கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். கீறல் விழுந்த ஹெல்மெட்டுகள் வரிசையாக, தூசி படாமல், வெளிச்சம் போட்டு இருந்தன. தலைக்கவசத்தைக் காப்பதற்கு இத்தனை அக்கறை. உள்ளே இருந்த தலைகள் எங்கே என்று கேட்க ஒருவரும் இல்லை. மார்லா வேகமாக நடந்தாள்.

குழுவில் பதினொரு பேர். எட்டு வாக்கு வேண்டும். தலைவர் ஹாலிஸ் கிராம்ளிங், லைலுக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்தவர். எழுபத்தாறு வயதிலும் ஊரே அவரைக் கோச் என்றுதான் அழைக்கும். மேசையின் கோடியில் ஓட்டிஸ் பீல் உட்கார்ந்திருந்தான். எதிரணியில் நின்று ஆறு வருடம் லைலோடு மோதியவன்.

"டேய் லைல், இளைச்சிட்டியேடா. அப்ப இப்படி இருந்திருந்தா நான் உன் மேல ஏறிப் போயிருப்பேன்."

"அப்பவும் ஏறத்தான் பாத்தே. நாலு தடவை மல்லாக்க விழுந்தியே, அது யாரு?"

"மூணு."

"நாலு. மழை பேஞ்ச ஆட்டத்தை விட்டுட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். மார்லா சிரிக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு இவனுக்கு நோய் என்று யார் நம்புவார்கள்?

கோச் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் இரக்கமாகத்தான் இருந்தது.

"லைல், உன் தகுதியப் பத்தி இங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா அஞ்சு வருஷம்ங்கறது ஏன்னு உனக்கே தெரியும். முன்ன ஒருத்தனை ஆட்டம் விட்ட மறு வருஷமே சேத்தோம். ஊரே கேட்டுது. அப்புறம் அவன் ஊக்க மருந்து ஊசி போட்டுக்கிட்டு ஆடினான்னு தெரிஞ்சு தகடைக் கழட்டினோம். சூடு ஆறட்டும்னுதான் அந்த விதி."

"அது உங்க சூடு ஆறுறதுக்கு, கோச்" என்றாள் மார்லா. "அஞ்சு வருஷத்துல அவன் ஆடினது மாறப் போறதில்ல. அவன்தான் மாறிட்டே இருக்கான்."

"அதுக்கும் வழி இருக்கும்மா. நாலாவது விதி. உயிர்க்கொல்லி நோய் உறுதியாயிருக்குன்னு டாக்டர் சான்று குடுத்தா, காத்திருக்க வேணாம்." மனுவோடு இருந்த டாக்டர் கடிதத்தைப் புரட்டினார். "இவர் 'இருக்கலாம்'னு எழுதியிருக்கார். 'இருக்கு'ன்னு எழுதலையே."

"எந்த டாக்டராலயும் எழுத முடியாது. இந்த நோயை உறுதி பண்ணணும்னா மூளையை வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல..."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவன் நினைவு அவளுக்கு வந்தது. பாதியில் நிறுத்தினாள்.

லைல் மேசைமேல் இருந்த விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். வளைந்த விரலை நாலாவது விதியின் கீழே வைத்து மெதுவாகப் படித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்ப நான் செத்தா சான்று கிடைச்சிடும்" என்றான். "எத்தனை நாளாகும், மார்லா? ஒரு வாரமா?"

கோபமாகச் சொல்லவில்லை; கேலியும் இல்லை. ஆடுகளத்தில் எதிர்வரிசை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, ஓட்டை இங்கே இருக்கிறது என்று தன் ஆட்களுக்குக் கூவுவானே, அந்தக் குரல். கண்ணிலும் அந்தப் பழைய கூர்மை. ஒரு வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த கூர்மை அது. வந்துவிடாதா என்று ஏங்கியது இதற்கா?

ஓட்டிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "டேய், என்னடா பேசறே?"

"விதில இருக்கறதத்தான் சொன்னேன்."

மார்லா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கோச், என் மனுவை அப்புறம் பாருங்க. வேணாம்னா கிழிச்சுப் போடுங்க. இந்த நாலாவது விதியை இப்ப அடிங்க."

"மார்லா, விதியை மாத்தறதுக்கு வருஷக் கூட்டம்னு ஒண்ணு..."

"செத்துட்டு வா, சேத்துக்கறோம்னு அச்சடிச்சு வச்சிருக்கீங்க! அவன் அதைப் படிச்சிட்டான். நேத்துச் சாப்பிட்டதை மறந்துடறவன் இதை மறப்பானான்னு எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போயிடுவேன். பகல் பூரா அவன் தனியா இருப்பான். புரியுதா உங்களுக்கு?"

"நான் முன்மொழியறேன்" என்றான் ஓட்டிஸ். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன; கடைசியாகக் கோச்சின் கை. அவர் பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தார். ஒரு முறை அடித்தது போதாதென்று பக்கம் கிழியும்படி மறுபடி அடித்தார். லைல் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப மனு" என்றான் ஓட்டிஸ். "விதிவிலக்காச் சேத்துக்கலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

ஏழு கைகள். மார்லா இரண்டு முறை எண்ணினாள். ஏழுதான். கோச் கையைத் தூக்கவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

"இன்னைக்கு உனக்குத் திறந்தா, நாளைக்கு ஒவ்வொருத்தன் பொண்டாட்டியும் ஒரு கடுதாசியோட வருவா, லைல். எல்லாருக்கும் இதே தலைவலிதான். யாருக்கு நான் இல்லேம்பேன்?"

"எல்லாருக்கும்னு நீங்களே சொல்றீங்க" என்றாள் மார்லா. "அத்தனை பேருக்கும் இருக்குன்னு தெரிஞ்சும் காத்திருக்கச் சொல்றீங்க."

லைல் கேட்டான்: "கோச், நான் நல்லா ஆடினேனா?"

"இந்தப் பள்ளத்தாக்குல உன்னை மாதிரி சென்டர் வந்ததில்லடா."

"அது போதும்" என்று எழுந்து கோட்டை மாட்டப் போனான். கோட்டுக் கை கிடைக்காமல் தடுமாறியபோது ஓட்டிஸ் எழுந்து வந்து பிடித்துவிட்டான்.

காரில் ஏறியதும் லைலின் முகம் தெளிந்திருந்தது. பல மாதங்களாக அப்படி ஒரு முகத்தை அவள் பார்க்கவில்லை.

"பாத்தியா? பாவம் பாக்கலை. பாவம் பாத்திருந்தா எட்டு கை வந்திருக்கும்." கைகளைத் தேய்த்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமைதானே? சர்ச்ல பியரோகிக் கொழுக்கட்டை போடுவாங்க. உருளைக்கிழங்கு வச்சது ஒரு டஜன் வாங்கு."

மார்லா சாவியைத் துவாரத்தில் செருகினாள்; திருப்பவில்லை. இரண்டு வருடம். விதியை அடித்தார்கள். அவன் தலைக்குள் போனதை யார் அடிப்பது? இத்தனை நாள் அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை இனியும் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"லைல், எனக்கு ஒரு வாக்குக் குடு."

"என்ன?"

"உயிரோட இருப்பேன்னு. நீயா எதுவும் பண்ணிக்க மாட்டேன்னு. மனசு அந்தப் பக்கம் போச்சுன்னா, எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுவேன்னு."

அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. யோசிக்கிறானா, கேள்வியைத் தொலைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன கேட்டே?" என்றான்.

அவள் முதலிலிருந்து கேட்டாள், ஒரு சொல்லையும் விடாமல். இந்த முறை அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"இருப்பேன். போன் பண்ணுவேன். போதுமா?"

இன்றைக்குப் போதும். நாளைக் காலை இது அவன் நினைவில் இருக்காது. எழுந்ததும் மறுபடி கேட்க வேண்டும். மறுநாளும், அதற்கடுத்த நாளும், காப்பி போடுவதுபோல, கதவைத் திறப்பதுபோல, இன்னும் எழுநூற்றுச் சொச்சம் காலைகள். ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைச் சர்ச் பக்கம் திருப்பினாள்.