மோட்டார் ரூம்

பள்ளிப் புத்தகத்தில் மோட்டார் என்றால் மின்சாரத்தால் சுழலும் எந்திரம். மைசூரில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அதற்கு அர்த்தமே வேறு. "மோட்டார் போட்டாச்சா?" என்றால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று கேள்வி. "மோட்டார்காரர்" என்றால் வாட்ச்மேனான என் அப்பா. "மோட்டார் ரூம்" என்றால் எங்கள் வீடு. அந்த எந்திரத்துக்கும் எங்கள் பாய்க்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். மிக்சிக்குள்ளும் மோட்டார் இருக்கிறது என்று டீச்சர் சொன்னபோது, போங்கள் டீச்சர், சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்காக அவளைத் தாய்வீடு இருந்த மார்டள்ளிக்குப் பஸ் ஏற்றிவிட அப்பா விடியற்காலையில் கிளம்பினார். போகும்போது என்னை எழுப்பிச் சொன்னார்.

"ஆறு மணிக்கு மோட்டாரப் போடு கண்ணு. மொதல்ல சம்பு மூடியத் தெறந்து தண்ணி கெடக்குதான்னு பாத்துக்க. மேல வழிஞ்சா நிறுத்திரு."

வாசலில் நிலத்துக்கடியில் இருந்த தொட்டிதான் சம்பு. அதன் இரும்பு மூடியை இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. தண்ணீர் இல்லாமலா போய்விடும் என்று ஸ்விட்சைத் தட்டிவிட்டேன். முந்தின நாள் சம்பை நிரப்பும் குழாயில் தண்ணீரே வரவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

வழியும் சத்தத்துக்காகப் படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடும் முடிந்தது. சத்தம் வரவில்லை, கருகல் நாற்றம்தான் வந்தது. கேட்டைத் தாண்டி ஓடிவந்த அப்பா ஸ்விட்சை அணைத்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வெறும் சேறு. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் எரிந்துபோயிருந்தது.

"உள்ள போயி உக்காரு" என்றார்.

கட்டடத்துச் சங்கத்தின் செக்ரட்டரி கீழே இறங்கி வந்து, யார் போட்டது என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். தகரத்துக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நானே சார். ஹாக்கி மல்கொண்ட்பிட்டே."

போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன் என்றார் அப்பா. வாட்ச்மேன் வேறு என்ன தப்பு செய்தாலும் காலில் விழுந்து சமாளிக்கலாம். தூங்கினேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் எவனும் வேலைக்குச் சேர்க்கமாட்டான். அந்த வாரமே அறையைக் காலி செய்தோம்.

மார்டள்ளியில் பிறந்த தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, வேலை ஏன் போனது என்று அம்மா கேட்டபோதும் அப்பா அதையேதான் சொன்னார்.

"கைக்கொழந்தையோட நடுரோட்டுல நிக்க வச்சுட்டீங்களே" என்று அம்மா அழுதாள். அதன்பின் அப்பா கடைசிவரை சிமெண்டு மூட்டைதான் சுமந்தார்.

போன வருடம் அப்பா இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அன்னைக்கு மட்டும் அந்த மனுசன் தூங்காம இருந்திருந்தா..." என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போட்டது நான்தான் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. பாவி நான்.

அந்தக் காலையில், செக்ரட்டரி திட்டி முடித்துப் படியேறிப் போன சத்தம் கேட்டதும், யாருக்கும் தெரியவில்லை, அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.